ஏழாவது பாட்டு

பீல் நகரத்தில்
ஆஸ்பத்திரிகளின் அழுக்கெல்லாம் வந்து சேரும் இடத்தில்
பதினெட்டு வருசமாகத் துணி இழுக்கிறேன்.
ஈர விரிப்பு சும்மா வராது.
மெஷினின் வாய்க்குள் முறுக்கிக்கொண்டு கிடக்கும்,
கரைவலை மாதிரி.
ஒரு கை முன்னே, ஒரு கால் பின்னே.
மூச்சை எங்கே விடுவதென்று உடம்புக்குத் தெரியும்.
வாய் மட்டும் சும்மா இருக்காது.

யதுசா விடுமுறை வேலைக்கு வந்தவள்.
இரண்டு வாரம் தலையணை உறை மடித்தாள்.
மூன்றாம் வாரம்
போனை என் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு
"சந்தியோகு அங்கிள், நீங்க உங்கட பாட்டுக்கு இழுங்கோ" என்றாள்.
என்ர பாட்டுக்கு இழுத்தேன்.

அது இப்போது இசைத்தட்டு.
பத்துப் பாட்டு.
ஒரு கும்மி, ஒரு தாலாட்டு,
சூடு மிதிக்கிற மாட்டை அதட்டுகிற ஒன்று,
நடுநடுவே பேர்ன் டொச்சில் அவள் படபடவென்று பேசுகிறாள்.
ரேட்டோ என்கிற மலைநாட்டுப் பெடியன்
சின்ன அக்கோர்டியனை இழுத்து மூடுகிறான்.
முகப்பில் அவள்,
பழைய மணிக்கூட்டுத் தொழிற்சாலைச் சுவரில் சாய்ந்து,
தாவணிக்குக் கீழே பனிச்சறுக்குச் சப்பாத்து.

பேர் போடட்டா என்று கேட்டாள்.
வரிக்காரன் பார்ப்பான், வேண்டாம் என்றேன்.
ஏழாவது பாட்டு, பாடியவர்: மரபு.
மரபுக்கு அன்றைக்குத் தடிமன்.
மூன்றாம் நிமிடத்தில் இருமல் கேட்கும்.

உள்ளே சின்னப் புத்தகம், சொற்களுக்கு விளக்கம்.
மடி: வலையின் அடிப்பை.
ஏபி: பழைய கடற்சொல், பொருள் தெரியவில்லை.

பொருள் எனக்குத் தெரியும்.
மாடியில் கண்ணாடி அறைக்குள் இருக்கிறது.
காலையில் ஓவர்டைமை வெட்டும்,
மத்தியானம் சூப் குடிக்கும்.

அம்பாவில் முதலாளிக்கென்று எப்போதும் ஓர் இடம் உண்டு.
பேசாலையில் அந்த இடத்தில் சம்மாட்டியின் பேர் வரும்.
ஆள் மாறினால் பேர் மாறும், இழுவை மாறாது.
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான்
அந்த அடியை விடுவோம்.
இங்கே வந்து மூன்று மாதம் அந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.
பிறகு முதல் சம்பளத் துண்டு வந்தது.

     இழடா இழடா மடி கனக்குது
     ஏபி வயிறாய் மடி கனக்குது

வெளியீட்டு விழாவுக்கு ஏபி வந்திருந்தார்.
மூன்றாம் வரிசை, கழுத்துப்பட்டியோடு.
எங்கள் சலவையில் வேலை செய்த பிள்ளை என்று
பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.
ஏழாவது பாட்டில் யதுசா மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினாள்.
டொச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், எங்கட குஞ்சு குருமன்,
முந்நூறு வாய்
ஏபி என்று கத்தியது.
அவர் தாளம் தப்பாமல் கை தட்டினார்.
அவருடைய மனைவி மட்டும்
ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார்.

யதுசாவிடம் சொல்லியிருக்கலாம்.
ஆனால் அதே புத்தகத்தில் இன்னும் நாலு சொல்லுக்குப்
பொருள் தெரியவில்லை என்று கிடக்கிறது.
அந்தக் கும்மியில், அந்த மாட்டுப் பாட்டில்,
யார் யார் கண்ணாடி அறைகளோ.
தாலாட்டிலும் ஒன்று இருக்கிறது.
அதைப் பற்றித்தான் ரயிலில் யோசித்துக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை இரண்டு பேர் லீவு.
ஏபி கீழே இறங்கி வந்தார்,
கையை மடித்துவிட்டார்,
விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார்.
பிடித்துக்கொண்டே முணுமுணுத்தார்.
இரண்டாம் அடியில், சரியான இடத்தில்,
தன் பேரைத் தானே சொன்னார்.

நான் இந்த முனையில்.
துணி விறைத்து நின்றது.
நாலாய் மடித்தோம்.